மூன்றாம் தரம்

பேச்சில் தொடங்கவில்லை அவன் அரசியல்.
ஒரு மீனில் தொடங்கியது.

செப்டம்பர். ஸ்கல்பின் கோவின் மரத்துறை.
டார்வெல் கம்பெனியின் தரம் பிரிப்பவன்
காய்ந்த காட் மீனைத் திருப்பிக்கூடப் பாராமல்
எறிந்துகொண்டிருந்தான்:
ஒன்று, இரண்டு, மூன்று, மூன்று, மூன்று.
அசரியா கிரிட்ச் குனிந்தான்.
மூன்றாம் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து
முதல் குவியலில் வைத்தான்.
அவன் திரும்ப எறிந்தான். இவன் திரும்ப வைத்தான்.
ஏழு முறை.
எட்டாவது முறை வால் ஒடிந்துவிட்டது.
இப்போது அது உண்மையிலேயே மூன்றாம் தரம்.

நான் அவன் படகில் முன்துடுப்பு.
பத்தொன்பது பருவம்
அவன் முதுகைப் பார்த்தே வலித்தவன்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
எங்களுக்கு உப்பிட்டது கம்பெனி,
அதையும் கடனுக்கு.
ஆகவே நினைத்துக்கொண்டேதான் இருந்தோம்,
உள்ளளவும், வட்டியோடு.

அந்தக் குளிர்காலம் அசரியாவின் பெயர்மேல்
பேரேட்டில் ஒரு கோடு விழுந்தது.
மாவு இல்லை. கரும்புப்பாகு இல்லை.
டோர்கஸ் கிரிட்ச் டர்னிப்பை
மூன்று விதமாக வேகவைத்தாள்,
மூன்றுக்கும் ஒரே ருசி.
இருட்டியபின் அரைமூட்டை மாவு கொண்டுபோனேன்.
எப்படித் தெரிந்ததோ,
என் கணக்கில் முழுமூட்டை ஏறியிருந்தது.

ஓட்டு அப்போது வாயால் போடுவது.
பள்ளிக்கூட மேசையில் அதிகாரி,
பக்கத்தில், சும்மா வந்தவர்போல்,
பேரேட்டை மடியில் விரித்த குமாஸ்தா.
எனக்கு முன்னால் ஒபதியா பென்ஸ்டன்
"டார்வெல்" என்றான்,
தொப்பியைப் பார்த்துக்கொண்டு.
ஆறு பிள்ளைகள் அவனுக்கு. நான் குறை சொல்லவில்லை.
மூடுபனியில் அரைமைல் தாண்டிக் கேட்கும் தொண்டை என்னுடையது.
அன்று ஒற்றைப் பெயர் அதில் முள்ளாய் நின்றது.
"கிரிட்ச்."
பேனா மையில் தோயும் சத்தம் கேட்டது.

பதினோரு ஓட்டில் ஜெயித்தான்.

செயின்ட் ஜான்ஸுக்குப் போனது
இறந்துபோன ஒரு மாலுமியின் கோட்டில்,
கை நான்கு விரற்கடை குட்டை.
அவன் உட்கார்ந்ததும் யாரோ ஜன்னலைத் திறந்தாராம்.
மூன்று வாரம் வாய் திறக்கவில்லை.
பிறகொரு நாள் சாக்கிலிருந்து ஒரு மீனை எடுத்து
சபாநாயகர் மேசையில் வைத்தான்.
"கனவான்களே, இது என்ன தரம்?"
வழக்கறிஞர் ஒன்று என்றார். வணிகர் மூன்று என்றார்.
பின்வரிசையில் ஒருவர், மதிய உணவா என்றார்.
சிரித்தபடியே சட்டம் போட்டார்கள்:
தரம் பிரிப்பவன் இனி
வேதத்தைத் தொட்டுச் சத்தியம் செய்யவேண்டும்.

செய்தான். அடுத்த செப்டம்பரில்
சத்தியம் செய்த கையாலேயே எறிந்தான்:
மூன்று, மூன்று, மூன்று.

இரண்டாம் தடவை அளவெடுத்துத் தைத்த கோட்டு.
கலங்கரை விளக்கக் குழுவில் ஓர் இடம்.
கோடையில் வந்தபோது கைகுலுக்கினேன்:
தூண்டில் கயிறு அறுத்த தழும்புகள்
அப்படியே இருந்தன, ஆனால் ஊறிய காகிதம்போல் மெத்தென்று.
அந்த ஆண்டு மாவுக்கு வரி வந்தது.
அவனும் கை தூக்கியிருந்தான்.
"விளக்குக்குப் பணம் வேறெங்கிருந்து வரும்?" என்றான்.
டோர்கஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

விளக்கு வந்தது, எங்கள் முனைக்கே.
இரவெல்லாம் சுற்றிச் சுற்றி
என் காலி மாவுப்பீப்பாயைக் காட்டிவிட்டுப் போகும்.

மூன்றாம் தடவை தோற்றான்.
ரகசிய வாக்கு இன்னும் வரவில்லை. என்னைப் பார்த்தபடி நின்றான்.
நான் சொன்ன பெயர் அவனுக்குக் கேட்டது.

மறுநாள் விடியுமுன்
படகில் அவன் முதுகு இருந்தது.
ஒன்றும் பேசவில்லை.
நண்பகலுக்குள் உள்ளங்கை கொப்புளித்து உடைந்தது,
கடல்நீரில் தோய்த்துக்கொண்டு வலித்தான்.
திரும்பும்போது பனி இறங்கியது,
துடுப்பு நுனி தெரியாத பனி.
பாறைகள் எங்கோ பல் கடித்தன.

அப்போது மங்கலாய், மஞ்சளாய்,
ஒருமுறை. பிறகு இன்னொருமுறை.

அவன் வெளிச்சத்தில்தான் கரை சேர்ந்தோம்.
அவன் நன்றி எதிர்பார்க்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
மாவுக்கடன் இன்னும் தீரவில்லை.